இடப்பக்கக் கோப்பை

உத்தமனுக்கு வாழ்க்கையில் முதல் முறையாகச் சாப்பாட்டைப் பார்த்துப் பயம் வந்தது.

எவர்சில்வர் தட்டில் சோறு ஆவி பறக்கக் கிடந்தது. அதன் மேல் ஆட்டுக்கறிக் குழம்பு. கொத்தமல்லி விதையும் கொப்பரையும் வறுத்து அரைத்த வாசனை கூடமெங்கும் சுற்றிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் இந்நேரம் பாதித் தட்டு காலியாகி, இரண்டாவது கரண்டிக்குக் கை நீண்டிருக்கும். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே தட்டில், இதே கை ஆக்கிய குழம்பைச் சாப்பிட்ட மனிதர் பாதிச் சாப்பாட்டில் மேஜைமேல் தலை சாய்ந்தார். அந்தத் தலை இன்னும் நிமிரவில்லை.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம்," என்றான் உத்தமன். "நான் போயிட்டா என் இடத்துக்கு ஆள் எடுப்பீங்களா, இல்லை பூனை வளர்ப்பீங்களா?"

"சாப்பிடு உத்தமா," என்றாள் சங்கரி.

அவள் சுவரோரம் ஒரு பிரம்பு மோடாவில் உட்கார்ந்து, பாலில்லாத எலுமிச்சை டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். சுங்க இலாகாவில் பல வருஷம் இருந்து, மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் வேலையை உதறிவிட்டு, லேக் மார்க்கெட்டில் ஓர் இட்லிக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டவள். கப்பல் கப்பலாக வெளிநாட்டு மதுவைப் பிடித்திருக்கிறாள். ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. மாமிசமும் கிடையாது. ஆகவே இந்த மாதிரி ஆபத்தான ருசிகளெல்லாம் உதவியாளனின் பங்குக்கு வந்துவிடும். உத்தமன் அதே லேக் மார்க்கெட்டில் பிறந்து வளர்ந்தவன். தமிழில் வாயாடுவான், வங்காளத்தில் சண்டை பிடிப்பான், இரண்டிலும் கடன் சொல்லிச் சாப்பிடுவான்.

ஜன்னலுக்கு வெளியே தை மாதப் பனிப்புகை. அதற்கு அப்பால், மிருகக்காட்சிசாலைப் பக்கமிருந்து ஏதோ ஒன்று நீளமாக உறுமியது. அலிப்பூர்க்காரர்களுக்கு அது பழகிப்போன சத்தம். உத்தமன் நாற்காலியை மேஜைக்கு நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அதுக்காவது யார் சோறு போடறாங்கன்னு தெரியும்," என்று முணுமுணுத்தான்.

சமையலறை வாசலில் நின்றிருந்த அருக்காணியின் காதில் அது விழுந்திருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உத்தமன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இந்த அம்மாள்தான் கட்சிக்காரி. கணவர் பன்னீர்செல்வம் கோயம்புத்தூரிலிருந்து வந்து ஹவுராவில் பவுண்டரி வைத்து, இரும்பை உருக்கி வார்த்து, அலிப்பூரில் வீடு வாங்குமளவுக்கு உயர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அருக்காணி சமைத்து வைத்துவிட்டு லேக் பக்கம் ஒரு வீட்டு பஜனைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவர் மேஜையில் கவிழ்ந்து கிடந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தும் இன்னும் நினைவு திரும்பவில்லை. ரத்தத்தில் அளவுக்கு மீறிய தூக்க மருந்து. அந்த மாத்திரை அருக்காணி தினமும் போட்டுக்கொள்வது. மேஜையில் ஓர் இத்தாலிய ஒயின் பாட்டில், பக்கத்தில் ஒரு கோப்பை. பாட்டிலில் மருந்து இல்லை, கோப்பையிலும் இல்லை. அப்படியானால் மருந்து சாப்பாட்டில்தான் போயிருக்க வேண்டும். சாப்பாடு போட்டது மனைவி. போலீஸ் கணக்கு அத்தோடு முடிந்தது. தட்டின் பரிசோதனை முடிவு வந்தாலும் வராவிட்டாலும், நாளைக் காலை அலிப்பூர் கோர்ட்டுக்குக் கூட்டிப்போவதாகப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள்.

கட்டடத்துக் கேமரா துர்கா பூஜையிலிருந்தே கெட்டுக் கிடந்தது. சாட்சி சொல்ல மிஞ்சியது சாப்பாட்டு மேஜை ஒன்றுதான். அதனால்தான் சங்கரி, அன்றைய விருந்தை அப்படியே இன்னொரு முறை நடத்திப் பார்க்க வேண்டும் என்றாள்.

"ஏனுங்க, உங்களுக்குக் காபி கீபி ஏதாச்சும்," என்று அருக்காணி சங்கரியிடம் கேட்டாள். "நேரமாயிப் போச்சுங்க. அவரு கண்ணு முழிச்சாக் குடுக்கட்டும்னு ரசம் வெச்சு பிளாஸ்க்குல ஊத்தி, எந் தம்பிகிட்டக் குடுத்தனுப்பிட்டுத்தான் கறியவே அடுப்புல ஏத்துனனுங்க."

"தம்பி மேலே வரலையா?"

"பாபுங்களா? பழனிக்கு மாலை போட்டிருக்கானுங்க. கறிச்சட்டி இருக்கற ஊட்டுக்குள்ள கால் வெக்க மாட்டான். லிப்ட்டுகிட்டயே நின்னு வாங்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டான். நாலு நாளா அவன்தானுங்க ராப்பகலா அங்க உக்காந்திருக்கறான்."

அவள் குரலில் அந்த ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் தெம்பு இருந்தது. பெற்றோர் போன பிறகு தூக்கி வளர்த்த தம்பி. பவுண்டரியைப் பார்த்துக்கொள்வதும் அவன்தான்.

"ஆரம்பிக்கலாமா?" என்றான் சதீஷ்.

அருக்காணியின் ஒரே மகன். டாலிகஞ்சில் தனி பிளாட், சினிமா ஸ்டூடியோக்களுக்கு லைட் வாடகைக்கு விடும் தொழில், நாக்கில் பாதி வங்காளம். அம்மாவின் முகத்தை அவன் நேராகப் பார்க்கவில்லை. அம்மாவும் அவனைப் பார்க்கவில்லை. வந்ததிலிருந்தே உத்தமன் அதைக் கவனித்துக்கொண்டிருந்தான். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவரையொருவர் இப்படிப் பார்க்காமல் தவிர்ப்பது நல்லதுக்கில்லை.

"பரோலோ," என்று சதீஷ் பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். "வடக்கு இத்தாலி. அப்பாவுக்கு மோல்டிங் மெஷின் வித்த கம்பெனிக்காரங்க அனுப்பினது, மூணு பாட்டில். ஒண்ணு பொங்கலன்னைக்கு எல்லாரும் சேர்ந்து திறந்தோம். இன்னொண்ணு…" நிறுத்தினான். "இது கடைசி. மத்தியானமே திறந்து வெச்சுட்டேன். கொஞ்ச நேரம் காத்துப் பட்டாத்தான் இது வாயைத் திறக்கும்."

"எங்க மேடம் மாதிரி," என்றான் உத்தமன்.

சதீஷ் சிரிக்கவில்லை. அகன்ற வயிறுள்ள கோப்பையில் கொஞ்சமாக ஊற்றினான். ராட்சசன் போல இருக்கும் என்று உத்தமன் நினைத்திருந்தான். பார்த்தால் நீர்விட்ட நன்னாரி சர்பத் போல வெளிறி, ஓரத்தில் செங்கல் நிறம் அடித்தது.

"கலரைப் பாத்து ஏமாறாதீங்க. பார்க்கத்தான் சாது." சதீஷ் தன் கோப்பையின் காம்பை இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றினான். "காம்பைத்தான் பிடிக்கணும். வயித்தைப் பிடிச்சா கைச்சூடு ஏறிடும். இப்ப மோந்து பாருங்க. அப்புறம் ஒரு வாய். சாப்பாடு கூடாது, வெறும் ஒயின் மட்டும்."

உத்தமன் மோந்தான். காய்ந்த ரோஜா இதழும் பழைய புகையிலை டப்பாவும் ஒன்றாய்க் கிடந்த பெட்டியைத் திறந்த மாதிரி இருந்தது. ஒரு வாய் குடித்தான். மறுகணம் மாதுளைத் தோலை மென்றவன் போல அவன் முகம் கோணியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"இதை இத்தாலியிலிருந்து கப்பல் ஏத்தி அனுப்பினாங்களா? கொட்டைப்பாக்கு நம்ம காளிகாட்டுலயே கிடைக்குமே."

"அதான் டானின், திராட்சைத் தோலோட துவர்ப்பு. தனியா குடிச்சா முறைக்கும். இப்ப கறியோட ஒரு கவளம் சாப்பிட்டுட்டு, அதுக்கு மேல குடிங்க."

கவளம். உத்தமனின் கை தட்டின் விளிம்போடு நின்றது. சங்கரியைப் பார்த்தான். அவள் டீயைப் பார்த்தாள். வாசலில் அருக்காணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்களில் ஒரு கெஞ்சல் இருந்தது. 'நீயாவது நம்பிச் சாப்பிடு' என்கிற கெஞ்சல். அதற்கு மேல் அவனால் தட்டைத் தள்ள முடியவில்லை. சோற்றைப் பிசைந்து, கொழுப்போடு ஒரு கறித்துண்டை வைத்து வாயில் போட்டுக்கொண்டான். விழுங்கினான். ஒன்றும் ஆகவில்லை. கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

அதே ஒயின்தானா என்று சந்தேகமாக இருந்தது. சற்று முன் முறைத்தது இப்போது குழைந்து வந்தது. கறியின் கொழுப்பை ஒயின் கழுவிக்கொண்டு போக, ஒயினின் துவர்ப்பைக் கறி வாங்கிக்கொள்ள, நடுவிலே பழுத்த பழம் மாதிரி ஏதோ ஒன்று நாக்கில் நின்றது.

"தெரியுதா?" சதீஷின் குரலில் முதல் முறையாக உயிர் வந்தது. "இந்த ஒயினை கறி இல்லாம குடிக்கவே கூடாது. மிளகாய் அதிகமானாலும் சண்டை போடும். அம்மாகிட்ட சொல்லி காரம் குறைக்கச் சொல்லுவேன். அப்பாவுக்கு இது எவ்வளவு பிடிச்சுப் போச்சு தெரியுமா? கறிக்கொழம்பும் பரோலோவும்னா…" மறுபடி நின்றுவிட்டான்.

உத்தமனுக்குப் பயம் விட்டுப்போயிற்று. எலும்பை உறிஞ்சினான், சோற்றை வழித்தான், கோப்பையை எடுத்துக் குடித்துக் கீழே வைத்தான். சதீஷ் கை நீட்டிக் கோப்பையை நகர்த்தித் தட்டுக்கு வலப்பக்கம் வைத்தான். உத்தமன் அடுத்த வாய் குடித்துவிட்டு வைத்தான். சதீஷ் மறுபடி நகர்த்தினான்.

"என்ன பாஸ், செஸ் ஆடறீங்களா?"

"கிளாஸ் எப்பவும் வலப்பக்கம் இருக்கணும். அதான் முறை."

"முறை முள்கரண்டிக்காரனுக்கு. எனக்கு வலது கை முழுக்கக் கொழம்பு. எச்சில் கையோட டம்ளரைத் தொட்டா எங்க அம்மா முதுகுல ரெண்டு வைப்பாங்க." இடது கையை நீட்டிக் கோப்பையை எடுத்து, குடித்து, இடப்பக்கமே வைத்தான்.

"அசையாதே," என்றாள் சங்கரி.

உத்தமன் உறைந்துபோனான். "மேடம். எனக்கு ஏதாவது ஆகுதா?"

"உனக்கு ஒண்ணும் ஆகல. கையை மட்டும் அப்படியே வை."

அவள் எழுந்து வந்தாள். தன் போனைத் திறந்து ஒரு படத்தை மேஜைமேல் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அருக்காணியின் கூச்சல் கேட்டு ஓடிவந்த மாடி வீட்டு வங்காள அம்மாள், கட்டடம் முழுக்கப் பௌதி, அதாவது அண்ணி, என்று அழைக்கும் அந்தப் பெண்மணி, பதற்றத்திலும் புத்தியாக எடுத்து வைத்த படம் அது. பன்னீர்செல்வம் மேஜையில் கவிழ்ந்திருந்தார். வலது கை தட்டிலேயே கிடந்தது, விரலெல்லாம் சோறும் குழம்பும். தட்டின் ஓரத்தில் உறிஞ்சிப் போட்ட எலும்புகள். தட்டுக்கு வலப்பக்கம் ஒயின் கோப்பை, முக்கால்வாசி நிறைந்தபடி.

"இந்தக் கோப்பையைப் பத்தி வக்கீல் மூலமா எனக்குக் கிடைச்ச விவரம் இவ்வளவுதான்," என்றாள் சங்கரி. "வலக்கை விரல்கள் கோப்பையோட வயித்துல நல்லா பதிஞ்சிருக்கு. எண்ணெய்ப் பசை கிடையாது. உதடு பட்ட அடையாளமும் கிடையாது. அவர் கோப்பைதானேன்னு யாரும் மேல கேட்கலை. ஐ.சி.யூ.வில கிடக்கறவர் ரேகையை எடுக்க என்ன அவசரம்னு விட்டுட்டாங்க. உத்தமா, உன் வலக்கையால இப்ப கோப்பையைப் பிடிச்சா என்ன ஆகும்?"

"கோப்பை தலைக்கு எண்ணெய் தேய்ச்ச மாதிரி ஆகும்."

"ஆக, வலப்பக்கம் இருந்தது சாப்பிட்டுக்கிட்டிருந்தவரோட கோப்பை இல்லை. கையால சாப்பிடற மனுஷன் உன்னை மாதிரி இடக்கையால எடுத்து, இடப்பக்கம்தான் வைப்பார். இங்க பாரு." படத்தை விரித்தாள். தட்டுக்கு இடப்பக்கம், மேஜை விரிப்பில், அரை வட்டமாய் ஒரு சிவப்புக் கறை. "இங்க ஒரு கோப்பை இருந்திருக்கு. பௌதி வந்து படம் எடுக்கறதுக்குள்ள அது காணாம போயிருக்கு. அதுக்கு முன்னாடி இந்த வீட்டுக்குள்ள வந்தவங்க ஒரே ஒருத்தர்."

அவள் திரும்பவில்லை. திரும்ப அவசியமிருக்கவில்லை. சமையலறை வாசலில் அருக்காணி நிலைப்படியைப் பிடித்தபடி மெதுவாகத் தரையில் உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

"எத்தனை கிளாஸ்மா இருந்துச்சு?" என்று சங்கரி கேட்டாள்.

"ரெண்டுங்க."

சதீஷ் எழுந்து நின்றுவிட்டான்.

"சாயங்காலம் சதீசு வர்றான், ரெண்டு பேரும் ஒக்காந்து குடிக்கப் போறோம்னு அவரு சொல்லியிருந்தாருங்க. அதுக்கு முந்தின வாரம் அப்பனுக்கும் மவனுக்கும் பெரிய சண்டை. என்னன்னு எங்கிட்ட ரெண்டு பேருமே சொல்லல. நான் வந்து பாத்தப்ப இவரு இப்படிக் கெடக்கறாரு. தொட்டா அசையல. மேசையில ரெண்டு கிளாசு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குப் புத்தி அங்கதானுங்க போச்சு. எம் மவன் ஜெயிலுக்குப் போயிருவானேன்னு. அவன் கிளாசை எடுத்துக் கழுவி அலமாரியில வெச்சுட்டேன். அப்புறம்தானுங்க கத்துனேன்."

"எது மகன் கிளாஸ்னு எப்படித் தெரிஞ்சுது?"

"பொங்கலன்னைக்கு அவன்தானுங்க சொல்லிக் குடுத்தான். சாப்படறவங்க கிளாசு தட்டுக்கு வலப்பக்கம் இருக்கோணும்னு. நான் இடப்பக்கம் வெச்சேன்னு கோவிச்சுக்கிட்டான். அதான், வலப்பக்கம் இருந்தது அவருது, இந்தப் பக்கம் இருந்தது இவனுதுன்னு…"

"நீங்க கழுவினது உங்க வீட்டுக்காரர் கிளாஸ்," என்றாள் சங்கரி. "மருந்து இருந்த கிளாஸ். வந்தவன் கிளாஸை அப்படியே போலீசுக்கு விட்டுட்டீங்க. அதுல மருந்து இல்லாததாலதான் பழி உங்க சமையல் மேல விழுந்தது."

உத்தமனின் வாயில் ஒரு கிண்டல் தயாராக வந்து, வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டது.

"அம்மா, நான் வரவே இல்ல," என்றான் சதீஷ். "கோவத்துல வரல. வந்திருந்தா அப்பாவுக்கு… நான் நீதான்னு நெனச்சேன்மா. உன் மாத்திரை. வேற யார்னு நெனைக்கறது? அதனாலதான் வாயைத் திறக்கல."

அருக்காணி மகனை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாள் கழித்து இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் ஓடிப்போய் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். அவள் அவன் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். உத்தமன் பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சங்கரி அதற்கெல்லாம் நேரம் கொடுக்கிறவள் இல்லை.

"அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். ஆள் இன்னும் வெளியே இருக்கான். சதீஷ், நீங்க காம்பைத்தான் பிடிப்பீங்க. கோப்பையோட வயித்தைப் பிடிச்சு, ஊத்தி வெச்சுக்கிட்டு, ஒரு சொட்டுக்கூட குடிக்காம, கறியையும் தொடாம உங்க அப்பாவோட உட்கார்ந்திருந்தது யாரு? உங்க சண்டை எதைப் பத்தி?"

சதீஷ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லு சாமி," என்றாள் அருக்காணி.

"மாமாவைப் பத்தி." அவன் தரையைப் பார்த்தபடி பேசினான். "பவுண்டரியில விரிசல் விட்ட வார்ப்பையெல்லாம் பசை வெச்சு அடைச்சு, பெயிண்ட் அடிச்சு அனுப்பிட்டிருந்தார். பிரேக்கில போற பாகம்மா அது. ரயிலுக்குப் போகுது. நான் போலீசுக்குப் போகச் சொன்னேன். அப்பா கேட்கல. உன் தம்பியாச்சேன்னு. நேர்ல கூப்பிட்டுப் பேசி, ஊருக்கு அனுப்பி வெச்சுடறேன்னார். உனக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவேன்னு சொல்ல வேணாம்னார். ஆனா மாமாவா இருக்க முடியாதுன்னுதான் நெனச்சேன். மாலை போட்டவர் இந்த வீட்டுக்குள்ளயே வரமாட்டாரே. ஒயின் பாட்டில் பக்கத்துல எப்படி உட்காருவார்?"

"உட்கார்ந்தார்," என்றாள் சங்கரி. "கறி வாசத்தைப் பொறுத்துக்கிட்டார். மச்சான் சந்தேகப்படாம இருக்க கோப்பையில ஊத்திக் கையில பிடிச்சுக்கிட்டார். மருந்தோட கசப்பு இந்த ஒயினோட துவர்ப்புல தெரியாதுன்னும் யோசிச்சிருக்கார். ஆனா விரதத்தை மட்டும் விடல. உதடு படல."

"கொலை பண்ணலாம், தீட்டு மட்டும் ஆகாது," என்றான் உத்தமன். சொன்ன பிறகு அவனுக்கே அது சிரிப்பாக இல்லை.

"என் மாத்திரையக்கூட அவன்தானுங்க மாசாமாசம் வாங்கியாந்து குடுப்பான்," என்றாள் அருக்காணி, யாருக்கோ சொல்வது போல. "இல்லீங்க. அவன் செய்ய மாட்டான். நான் வளத்தவன்."

அப்போது அவள் இடுப்பில் செருகியிருந்த போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அது அப்படியே நின்று, நிறம் மாறியது. உத்தமன் எட்டிப் பார்த்தான். பாபு அனுப்பியிருந்தான்: மச்சான் கண்ணைத் திறந்துவிட்டார், இன்னும் பேச்சு வரவில்லை, தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாய் ஏதாவது கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அக்கா கொடுத்த ரசத்தைக் கொடுக்கப் போகிறேன்.

பேச்சு இன்னும் வரவில்லை. வந்தால் முதலில் என்ன சொல்வார் என்பது பாபுவுக்குத் தெரியும். அக்கா வைத்த ரசத்தைக் குடித்துவிட்டுப் புருஷன் செத்தால் அதற்கப்புறம் எந்தக் கோர்ட்டும் எந்தக் கோப்பையையும் பற்றிக் கேட்காது. உத்தமனின் கையில் ஒட்டியிருந்த குழம்பு காய்ந்து இறுகியது.

"சதீஷ், வார்டு நர்சுக்குப் போன் போடுங்க. ரூமுக்குள்ள போகச் சொல்லுங்க, பிளாஸ்க்கை வாங்கச் சொல்லுங்க. உத்தமா, வண்டியை எடு."

சதீஷ் போனோடு வராந்தாவுக்கு ஓடினான். "திதி, ஷுனுன்," அக்கா, கேளுங்கள் என்று அவன் யாரிடமோ வங்காளத்தில் கெஞ்சுவது கேட்டது. உத்தமன் எழுந்து கையைக்கூடக் கழுவாமல் சாவியைத் தேடினான். அருக்காணி மட்டும் அசையவில்லை. போனை முகத்துக்கு நேரே பிடித்து வீடியோவில் அழைத்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்மா, அவன் உஷாராயிடுவான்," என்றாள் சங்கரி.

"எந் தம்பிகிட்ட நான் கேக்கறனுங்க."

திரை வெளிச்சமானது. நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் மாலை, கனிந்த முகம். பின்னால் வெள்ளைப் படுக்கையில் ஒரு கால் தெரிந்தது. பாபுவின் ஒரு கையில் போன், மறு கையில் டம்ளர்.

"அக்கா, இப்பத்தான் ஊத்தினேன். குடுக்கப் போறேன்."

"செத்த இரு சாமி." அருக்காணியின் குரல் சமையலறைக் குரலாகவே இருந்தது. உத்தமனுக்கு அது எப்படி என்று புரியவில்லை. "கலக்கத்துல உப்புப் போட்டேனா இல்லியான்னே நெனப்பில்ல. ஒரு வாய் குடிச்சுப் பாத்துச் சொல்லு."

"நல்லாத்தாங்க்கா இருக்கும்."

"குடிச்சுப் பாரு."

"விரதம்க்கா."

"ரசத்துல என்ன விரதம்? உனக்கும் ஆகட்டும்னுதான் பூண்டுகூடத் தட்டிப் போடல."

"எச்சிலாயிரும். மச்சானுக்குக் குடுக்கறது."

"தூக்கி ஊத்திக்க. சின்னதுல இருந்து அப்படித்தான குடிக்கறே."

டம்ளர் திரையில் தெரிந்தது. அது மேலே எழும்பவில்லை. உத்தமன் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தான். குடித்துவிடேன், குடித்துக் காட்டிவிடேன் என்று அவன் மனம் வேண்டிக்கொண்டது, இந்த அம்மாளுக்காக.

"அக்கா, லைன் சரியில்ல. அப்புறம் பேசறேன்."

"லைன் நல்லாத்தான் இருக்குது. எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுது." இது வரை தம்பி, சாமி என்றவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "குடி, பாபு."

அவன் கண்கள் பக்கவாட்டில் ஓடின. படுக்கைக்கு, கதவுக்கு, முகம் கழுவும் தொட்டிக்கு. ஒரு எட்டு எடுத்து வைத்தான். அதற்குள் ஒரு வெள்ளைச் சீருடைக் கை குறுக்கே வந்து டம்ளரின் விளிம்பைப் பற்றியது. "தாதா, ஓட்டா தின்," அண்ணா, அதைக் கொடுங்கள் என்றது ஒரு பெண் குரல் வங்காளத்தில், அதட்டலாக. போன் நழுவியது. திரையில் ஆஸ்பத்திரிக் கூரையும் நின்றுபோன மின்விசிறியும் தெரிந்தன. பல காலடிகள் ஓடி வந்தன. யாரோ கதவைச் சாத்தினார்கள்.

வராந்தாவிலிருந்து சதீஷ் ஓடி வந்தான். "வாங்கிட்டாங்கம்மா. அப்பா குடிக்கல. ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல."

அருக்காணி தலையாட்டினாள். அழைப்பைத் துண்டித்து, போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். மகன் தோளைத் தொட்டதுகூட அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. சங்கரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"உப்பு சரியாத்தானுங்க இருந்துச்சு," என்றாள். "நான் பாத்துத்தான் போட்டனுங்க."